மூன்று கூரைகளும் ஒரு மூங்கில் கோலும்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் பாதையில் எங்கள் வீட்டைக் கடக்கிறவர்களில், ஒரு தடவையாவது நின்று பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. முன்னாலிருந்து பார்த்தால் அது துரை பங்களா. பக்கவாட்டில் வந்து பார்த்தால் கண்டிப் பக்கத்துப் பழைய சிங்கள வீடு. இரண்டுக்கும் நடுவில் சாதாரணக் கடைக்காரர் வீடு ஒன்று, யாரோ இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்துவிட்டதால் ஒடுங்கிப்போய் நிற்கும். மூன்றுக்கும் மூன்று கூரை, மூன்று சரிவு, இரண்டு வகை ஓடு. அந்தப் பாதையில் பஸ் ஓடத் தொடங்கியதும் ஆட்கள் "மூணு கூரயடியில நிப்பாட்டுங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண், நான் யாரென்று தெரியாமல், "அந்த வீட்டக் கட்டினவங்களுக்குப் புத்தி சரியில்லயாம்" என்றாள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

புத்தி சரியில்லாதவள் நான்தான். ஆனால் அந்த வீட்டைப் பற்றி எனக்கு வெட்கம் இருந்ததில்லை. ஒவ்வொரு கூரையும் ஒவ்வொருவருக்காக வந்தது. மூன்றாவது கூரை, எங்களோடு இருக்க வரவே மாட்டேன் என்ற ஒருவருக்காக வந்தது. அவரை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் முஸ்லிம் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் உம்மா நான் நடக்கப் பழகும் வயதிலேயே மவுத்தாகிவிட்டார். வாப்பாதான் என்னை வளர்த்தார், அவர்தான் எனக்கு வீடும் கட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் கட்டிய அந்த வீடு வாப்பாவைப் போலவே நேரானது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் சரிந்த கூரை, மேலே தட்டையான கலிக்கட் ஓடு, ஓர் ஆடம்பரமும் கிடையாது. மழை விழுந்தால் தண்ணீர் நிதானமாக இறங்கிப் போகும்.

அதன் முன்பக்கத்தைக் கெடுத்தவர் என் கணவர். கண்டி டவுனில் அவருக்குப் புடவைக்கடை இருந்தது. ஜன்னலுக்குத் திரைத்துணி காட்டுவதற்காகக் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குத் துணிக்கட்டுகளைக் கொண்டு போவார். அங்கே ஒரு துரை பங்களாவில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து வெளியே துருத்திக்கொண்டிருந்த ஜன்னலையும் அதற்கு மேலே குடை விரித்ததுபோல் தனியாக நின்ற சின்னக் கூரையையும் பார்த்துவிட்டார். அதோடு அவருக்குத் தூக்கம் போனது. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று முளைத்தது. வாப்பா பாதையில் நின்று அதைப் பார்த்தார். "வீட்டுக்கு மூக்கு மொளச்சீக்கி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் பள்ளத்தில் ஓடும் ஓடையும், அதற்கு அப்பால் என் மாமியின் வீடும் தெரியும். மாமி என்றால் என் கணவரின் உம்மா. இளம் வயதிலேயே விதவையானவர், அவருக்கு என் கணவர் ஒரே பிள்ளை. தன் புருஷன் ஒரு சிங்களக் குடும்பத்திடமிருந்து வாங்கிய பழைய மண்வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டின் கூரை வேறு சாதி. உச்சியிலிருந்து செங்குத்தாக இறங்கி, பாதியில் மடிந்து, பிறகு சாய்வாகப் பரந்து, ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்து முடியும். அரைவட்டமான சிங்கள ஓடு, பாசி பிடித்துக் கறுத்திருக்கும். சின்ன வீட்டுக்கு அவ்வளவு பெரிய கூரை எதற்கு என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். மாமியைத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது.

என் கணவர் காலையில் ஓடையைத் தாண்டிப் போய் உம்மா வீட்டில் ஒரு தரம் சாப்பிடுவார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் தெரியாதவர்போல் இரண்டாம் தரம் சாப்பிடுவார். இரண்டு பக்கமும் மனம் நோகக் கூடாதாம். அந்த ஒரு காரணத்தால் அவருடைய வயிறு வருடத்துக்கு வருடம் முன்னேறியது.

மாமி எங்கள் வீட்டுக்குப் பெருநாளைக்கு மட்டும் வருவார். கதிரையின் விளிம்பில் உட்காருவார். தேத்தண்ணி கொடுத்தால் பாதிக் கோப்பை குடித்துவிட்டு வைத்துவிடுவார். எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று, "நல்லா ஈக்கி" என்பார். நான் ஒரு தடவை அவசரத்தில் உப்பே போடாமல் கொடுத்த இறைச்சிக் கறிக்கும் "நல்லா ஈக்கி" என்றுதான் சொன்னார். அன்றுதான் எனக்குப் புரிந்தது, நான் அவருக்கு அந்நிய வீடு. விருந்தாளிதான் குறை சொல்ல மாட்டார். மற்ற மருமகள்மார் தங்கள் மாமிமார் எதிலும் குறை பிடிக்கிறார்கள் என்று கிணற்றடியில் சொல்லி அழும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அவர் எங்களோடு வந்து இருக்காததற்குக் காரணம் இருந்தது. பெண் வீட்டில் மாப்பிள்ளை இருக்கலாம், மாப்பிள்ளையின் உம்மா இருக்கக் கூடாது. இருந்தால் ஊர் சிரிக்கும். "மகனோட சேத்து உம்மாவயும் கட்டிக் குடுத்தாச்சி" என்பார்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பயந்து எத்தனையோ தாய்மார் பிள்ளையின் வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கிறார்கள். மாமி பயந்தவர் அல்ல, ரோசக்காரி. "எனக்கு என்ட கூர ஈக்கி" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வீட்டின் மேட்டுப்பக்கச் சுவரில் விரிசல் விட்டது. என் கணவரின் ஜன்னலைக் கட்டிய மேஸ்திரியை, பாஸ் என்றுதான் கூப்பிடுவோம், கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். பேராதனைப் பக்கத்துச் சிங்களவர், மரவேலையும் ஓட்டுவேலையும் நன்றாகத் தெரிந்தவர். விரிசலுக்குள் கையை விட்டுப் பார்த்தார், முழங்கை வரைக்கும் போனது. "கூரை நூறு வருஷம் இருக்கும் முதலாளி. சுவர் அடுத்த மழைக்கு இல்ல" என்றார்.

மாமி அசையவில்லை. என் கணவர் கெஞ்சினார், நான் கெஞ்சினேன், வாப்பா ஆள் அனுப்பிச் சொன்னார். எல்லோருக்கும் ஒரே பதில்தான், கூரை இருக்கிறதாம். அடுத்த மழைக்கு அந்தச் சுவர் அவர்மேல் விழுந்துவிடும் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உம்மா இல்லாமல் வளர்ந்தவளுக்கு இன்னொரு உம்மா கிடைத்து, அவரும் அரைக் கோப்பைத் தேத்தண்ணியோடு போய்விடுவாரோ என்று நினைத்தால் அழுகை வரும். கோபமும் வரும். அந்தக் கோபத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கூரைதானே அவருக்கு வேண்டும்? அந்தக் கூரையையே இங்கே கொண்டுவந்தால் என்ன? எங்கள் வீட்டோடு சேர்த்துத் தனி வாசல், தனி அடுப்பு வைத்து, மேலே அவருடைய அதே கூரையைப் போட்டால், அவர் தன்னுடைய கூரைக்குக் கீழேதானே இருப்பார்!

இவ்வளவும் நல்ல யோசனைதான். அடுத்து நான் செய்தது அப்படியல்ல.

அப்போது மடவளையில் மாமியின் தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. நாற்பது முடியும்வரை தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள மாமி அங்கே போய்விட்டார். நாற்பது நாள்! என் கணவரிடம் சொன்னேன். அவர் முதலில் பயந்தார், பிறகு முகம் மலர்ந்தார். "கேட்டா ஏலா என்டுதான் செல்லுவாங்க. செஞ்சி காட்டுவோம்" என்றார். ஒருவரை நாம் மிகவும் நேசிக்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால், அவரிடம் கேட்க வேண்டிய தேவையே இல்லை என்றும் தோன்றிவிடுகிறது. எங்கள் இருவருக்கும் அப்படித்தான் தோன்றியது.

பாஸ் மரங்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் கரியால் அடையாளம் போட்டார். ஓடுகளை ஆட்கள் கூடைகளில் அடுக்கி, ஓடைக்குக் குறுக்கே போட்ட பலகையில் நடந்து கொண்டுவந்தார்கள். இரண்டாம் நாள் பாஸ் இறங்கி வந்து என்னிடம் கேட்டார்.

"பெரிய உம்மாவுக்குத் தெரியும் தானே?"

எங்கள் எல்லோரிலும் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "தெரிய வரும்" என்றேன். அவர் மறுபடி ஏறிப்போனார்.

புதுச் சுவர் எழும்ப நாங்கள் நினைத்ததைவிட அதிக நாள் எடுத்தது. நாற்பதாம் நாள் மாமி மாட்டு வண்டியில் வந்து இறங்கியபோது பழைய வீட்டில் கூரை இல்லை, இங்கேயும் கூரை ஏறியிருக்கவில்லை. ஓடுகள் எங்கள் வளவில் குவிந்து கிடந்தன. நான் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஓடினேன். மாமி தன் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். மேலே வானம். அடுப்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் பிள்ளை பெற்ற அறையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தனி வாசல், தனி அடுப்பு, உங்களுடைய அதே கூரை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"தலைக்கு மேல ஈந்தத எடுத்திட்டீங்க. காலுக்குக் கீழ ஈக்கிறதயும் எடுத்திருக்கலாமே" என்றார்.

அதே வண்டியில் ஏறி மடவளைக்குத் திரும்பிப் போய்விட்டார். பெட்டியைக்கூட இறக்கவில்லை. என் கணவர் விஷயம் தெரிந்து கடையிலிருந்து நேராக அங்கே போனார். மாமி அவருக்குச் சாப்பாடு போட்டாராம், ஆனால் பேசவில்லையாம். அன்றிலிருந்து என் கணவர் காலையில் ஒரு தரம்தான் சாப்பிட்டார். அதுவும் அரை வயிறுக்குத்தான். நான் மாமியைக் கொண்டுவர நினைத்து அவரை ஒரேயடியாகத் துரத்திவிட்டேன். என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாஸ் வேலையை முடித்தார். மூன்றாவது கூரை ஏறியது. ஆளில்லாத ஒரு பகுதிக்கு மேலே அது மற்ற இரண்டு கூரைகளையும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது. முதல் மழையிலேயே வீடு ஒழுகியது. அவருடைய கூரையும் எங்கள் கூரையும் சேரும் உள்மூலையில், நடு அறைக்குள், சுவரோடு சேர்ந்து தண்ணீர் இறங்கியது. பாஸைக் கூப்பிட்டேன். அவர் மூலையை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தக் கூரையில தண்ணி ஓடி வாறது. இந்தக் கூரையில நடந்து போறது. சந்திக்கிற எடத்துல சண்டைதான் உம்மா" என்றார். டவுனில் துத்தநாகத் தகடு வாங்கி அந்த மூலை முழுவதும் அடித்தால்தான் நிற்கும், அதுவரைக்கும் ஓட்டைச் சரிபார்த்துப் போடலாம் என்றும் சொன்னார்.

சரிபார்ப்பதுதான் முடியவில்லை. சிங்கள ஓட்டை ஆணி அடித்து வைப்பதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதுதான். குரங்கு ஓடினால் நகரும், பாக்குமட்டை விழுந்தால் நகரும். கூரைமேல் நிற்கிறவருக்கு எது நகர்ந்தது என்று தெரியாது. உள்ளே, அறையை இருட்டாக்கிவிட்டு நிற்கிறவருக்குத்தான் தெரியும், வெளிச்சப் புள்ளி தெரியும் இடத்தில் ஓடு நகர்ந்திருக்கிறது. உள்ளே நிற்கிறவர் மூங்கில் கோலால் அந்த இடத்தைக் கீழிருந்து தட்ட, மேலே இருக்கிறவர் சத்தம் வந்த ஓட்டில் கை வைத்துச் சரிசெய்வார். இதற்கு வெளிச்சம் பார்ப்பது என்று பெயர். நான் கோலை வைத்துக்கொண்டு தட்டினேன். நான் ஓர் ஓட்டைத் தட்டினால் பாஸ் வேறோர் ஓட்டைத் தூக்கினார். அரை நாளில் ஒரு வெளிச்சம் ஐந்து வெளிச்சமானது. கடைசியில் பாஸ் மேலேயிருந்து, "உம்மா, தட்ட வேணாம்" என்று கெஞ்சினார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வருடத்துக்கு ஒரு தரம், மழைக்கு முன்னால், மாமி வீட்டில் வெளிச்சம் பார்த்தது யார்? மாமிதான். ஓடு புரட்டி அடுக்க வருகிற ஆள் கூரைமேல் இருப்பான், மாமி உள்ளே கோலோடு நிற்பார். டக், டக் என்று இரண்டே தட்டு. அந்தச் சத்தம் ஓடையைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

அடுத்த நாள் மடவளைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு வழி முழுவதும் வசனம் சேர்த்துக்கொண்டு போனேன். மாமி கொல்லைப்புறத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் சேர்த்து வைத்த வசனம் எல்லாம் போய்விட்டது.

"மாமி, கூர ஒழுகுது" என்றேன்.

அவர் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"ரெண்டும் சேர்ற மூலையில."

"என்ட கூர ஒழுகாது. ஒங்கட ஓடு சேர்றதாலதான் ஒழுகும்."

"ஓம் மாமி. எங்களாலதான்."

அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கூரையைப் பற்றி மட்டும் நான் அழவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கூரையைப் பற்றித்தான் பேசினார்.

"கோலால தட்டினீங்களா?"

"எனக்குத் தட்டத் தெரியல்ல மாமி. நான் தட்டி அஞ்சு எடத்துல ஒழுகுது."

மாமியின் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது, அவர் அதை அடக்கினார். எழுந்து கையைக் கழுவினார். தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்த தங்கையிடம், "வெளிச்சம் பாத்திட்டு வந்திடுறேன்" என்றார்.

வந்தார். புதுப் பகுதிக்குள் நுழைந்து அண்ணாந்து தன்னுடைய மரங்களைப் பார்த்தார். கரி அடையாளங்களைப் பார்த்தார். பிறகு கோலை எடுத்துக்கொண்டு எங்கள் நடு அறைக்கு வந்து, ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார். இருட்டில் அண்ணாந்து நின்றார். டக், டக். மேலேயிருந்து பாஸ், "ஆ, சரி பெரிய உம்மா, சரி!" என்று சந்தோஷத்தில் கத்தினார். ஒரு மணி நேரத்தில் ஐந்து வெளிச்சமும் அடைபட்டது.

அன்று பின்னேரம் மழை தொடங்கியது. மூலையில் ஒழுக்கு நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டுமே என்று மாமி தன் பகுதியில் தங்கினார். அடுத்த நாளும் மழை. மழை விட்டதும் போகிறேன் என்றார். கண்டியில் மழை எப்போது விடும்? மழைக்காலம் முடிந்ததும், ஓடு காயட்டும் என்றார். காய்ந்ததும், அடுத்த மழைக்கு முன்னால் ஒரு தரம் வெளிச்சம் பார்க்காமல் போக முடியாது என்றார். மடவளையிலிருந்த பெட்டி ஒரு நாள் தானாக வந்து சேர்ந்தது. கிணற்றடியில் ஒருத்தி வாயை விட்டுப் பார்த்தாள், மகனோடு வந்து இருக்கிறீங்களாமே என்று. மாமி வாளியை இறக்காமலே பதில் சொன்னார். "நான் இருக்க வரல்ல. கூரக்கி வந்தேன்." அதற்கு ஊரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கூரை அவருடையது, ஒழுகுவது எல்லோருக்கும் தெரியும்.

பாஸ் தகடு வாங்கப் போவதாகச் சொன்னார். வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று நான்தான் தடுத்தேன்.

அதோடு நிற்கவில்லை. இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்திட்டு உயரம். அதில் ஏறி நின்றால் இரண்டு கூரையும் சேரும் மூலை கைக்கு எட்டும். ஒவ்வொரு வருடமும் வெளிச்சம் பார்க்கிற நாளுக்கு முன்னால் நான் அங்கே போய், ஓர் ஓட்டை இரண்டு விரல் அகலத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு வருவேன். அடுத்த நாள் மாமி தன் பகுதியிலிருந்து கோலோடு வருவார். அண்ணாந்து பார்ப்பார். "இன்னும் சரியாகல்ல. இந்த வருஷமும் ஈந்து பார்க்கோணும்" என்பார். அதைச் சரிசெய்வித்துவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டு தன் பக்கத்துக்குப் போய்விடுவார். எனக்கு ஒரு வருடம் கிடைத்துவிடும்.

அந்த ஓட்டின் புண்ணியத்தில் பல வருடம் ஓடியது. எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் மாமியின் பகுதியில்தான் வளர்ந்தாள், தூங்க மட்டும் என்னிடம் வருவாள். என் கணவர் மறுபடி இரண்டு தரம் சாப்பிடத் தொடங்கினார், இப்போது ஓடையைத் தாண்ட வேண்டிய சிரமமும் இல்லை. ஒரு வருடம் மகளுக்குக் கடுமையான காய்ச்சல். நானும் மாமியும் மாறி மாறி அவளோடு இருந்தோம், அந்தக் கவலையில் நான் ஓட்டை மறந்தேபோனேன். மாமி கோலோடு நடு அறையில் வந்து நிற்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அதே இடத்தில் வெளிச்சம் இருந்தது. குரங்குகளுக்காக நான் இறைவனிடம் துஆச் செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

இத்தனையிலும் மாமி என் வீட்டில் விருந்தாளிதான். வெளிச்சம் பார்க்க வருவார், கோலோடு போய்விடுவார். தேத்தண்ணி கொடுத்தால் அரைக் கோப்பை. கறி கொடுத்து அனுப்பினால் "நல்லா ஈக்கி". கூரைகள் ஒட்டிக்கொண்டன, நாங்கள் இருவரும் இன்னும் ஒட்டவில்லை என்று நினைப்பேன். இருக்கிறாரே, அது போதும் என்றும் நினைப்பேன்.

முப்பதுகளின் கடைசியில் ஒரு தடவை, வாப்பாவோடு புசல்லாவைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் நின்றுவிட்டு வந்தேன். மழைக்கு முந்திய நாட்கள். திரும்பி வந்த அடுத்த நாள் காலையிலேயே மண்திட்டில் ஏறிக் கையை நீட்டினேன். கையில் ஓடு படவில்லை. வழுவழுவென்று குளிர்ந்த ஏதோ ஒன்று பட்டது. எட்டிப் பார்த்தேன். மூலை முழுவதும் சாம்பல் நிறத் தகடு. இரண்டு பக்கத்து ஓடுகளையும் சீமெந்து வைத்துப் பூசியிருந்தது.

கீழே என் கணவர் பெருமையோடு நின்றுகொண்டிருந்தார். "எப்பிடி? பாஸக் கூட்டி வந்து ரெண்டே நாளில முடிச்சிட்டேன். இனி ஆயுசுக்கும் ஒழுகாது" என்றார்.

நான் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்கக் கேட்க அவருடைய பெருமை இறங்கி, முகம் பிள்ளையின் முகம்போல் ஆகிவிட்டது.

"ஏன் எனக்குச் செல்லல்ல?"

"செல்லீந்தா நீங்க ஒங்கட உம்மாட்டச் செல்லீப்பீங்க."

அலவாங்குக் கம்பியைக் கொண்டுவந்து தகட்டைக் கிளப்பலாமா என்று கேட்டார். உண்மையாகவே கொண்டுவந்தும்விட்டார். ஆனால் அதற்குள் மாமியின் வாசல் திறந்தது. அன்றுதான் வெளிச்சம் பார்க்கிற நாள் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். மூங்கில் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். அந்த வருடம் அவருக்கு முழங்கால் நோவு கூடியிருந்தது.

நடு அறையின் ஜன்னல்களை நான் சாத்தினேன். மாமி மூலைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் கதவோரம் நின்றேன். அறை முழு இருட்டு. எங்கேயும் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. அவர் கோலை உயர்த்தித் தட்டினார். ஓட்டின் சத்தம் வரவில்லை, தகட்டின் சத்தம் வந்தது.

"வெளிச்சம் இல்ல" என்றார்.

"இல்ல மாமி."

இனி அவர் கோலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியைக் கட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒவ்வொரு வருஷமும் அதே மூல" என்றார் மாமி, இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டு. "அதே வரிச. எடப்பக்கமிருந்து நாலாவது ஓடு. ரெண்டு விரல் அகலம். கொரங்கு விரல் வெச்சி அளந்தா ஓட்ட நகர்த்தும்?"

இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"தெரிஞ்சிட்டே ஈந்தீங்களா மாமி?"

"புள்ளக்கிக் காய்ச்சல் வந்த வருஷம் நீங்க மறந்திட்டீங்க" என்றார். "அந்த வருஷம் நான்தான் திட்டில ஏறினேன்."

நான் அழுதேன். அவர் என்னை ஆறுதல்படுத்தவில்லை, அது அவருக்குப் பழக்கமும் இல்லை. அறையைக் குறுக்கே நடந்து போய் மூங்கில் கோலை என்னுடைய அலுமாரிக்குப் பக்கத்து மூலையில் சாய்த்து வைத்தார். கதிரையில் உட்கார்ந்தார். விளிம்பில் அல்ல, நன்றாகப் பின்னால் சாய்ந்து, நோவுகிற காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஜன்னலத் தெறங்க. தேத்தண்ணி ஈக்கா?"

ஜன்னலைத் திறந்தேன். வாசலுக்கு வெளியே என் கணவர் அலவாங்கோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார், அதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். மாமி கோப்பையைக் கையில் வாங்கி, ஊதி ஊதி, அடிவரைக்கும் குடித்தார். குடித்து முடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சீனி கூடிப்போச்சி" என்றார். "நேத்து அனுப்பின கறியிலயும் உப்புக் கொறவு. எத்தன வருஷம் ஒங்களுக்குச் செல்லாம ஈக்கிற?"

கோப்பையை மறுபடி நீட்டினார். அடுத்ததற்கு ஒரு கரண்டி குறைத்துப் போட்டேன்.